தேன் ஒழுகிய பார்சல்

18.3.2025

மதியழகன் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. அது வந்த அழகைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் போர்வெல் லாரிக்குப் பக்கத்தில் ஐந்து ஆட்களோடு படுத்திருக்கிற மனிதரிடம் இதை எப்படிப் பேசுவது? கோபத்தில் கத்தினால் அந்த ஐந்து பேருக்கும் கேட்கும். அதனால் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். மகளிடம் பேச வேண்டுமென்றால் அவள் பள்ளிவிட்டு வந்ததும் உங்கள் தங்கை போனில் கூப்பிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். உங்கள் மனைவி ஊர் போஸ்ட் மாஸ்டர் என்பது ஞாபகம் இருக்கட்டும். கடிதம் என்னைத் தாண்டி வேறு யார் கைக்கும் போகாது.

காலை பதினோரு மணிக்கு சிவக்குமார் தபால் பையைக் கொண்டுவந்து வைத்தான். பை முழுக்க எறும்பு. பிரித்தால் உங்கள் பார்சல் ஒரு பக்கம் ஊறி, உள்ளேயிருந்து தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணாடி பாட்டிலில் காட்டுத் தேனை ஊற்றி, ஒரு துணியை மட்டும் சுற்றி ஆயிரம் கிலோமீட்டர் அனுப்புகிற புத்தி உங்களுக்குத்தான் வரும். போதாத காலம், அன்றைக்குப் பார்த்து மெயில் ஓவர்சியர் சென்னப்பன் சாரும் மேற்பார்வைக்கு வந்திருந்தார். சேதமான பார்சலை, வாங்குகிறவர் கண் முன்னால் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது விதி. ஊரில் எத்தனையோ பேருக்கு நானே செய்திருக்கிறேன். நேற்று வாங்குகிறவளும் நான்தான், பிரிக்கிறவளும் நான்தான்.

உடைந்த பாட்டில் ஒன்று. மகளுக்கு ஒரு சுடிதார் துணி, தேனில் ஊறியது. பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதில் உள்ளங்கை அளவில் ரோஜா நிறத்தில் ஒன்று. நுனியில் குட்டியாக ஒரு வாய்.

"இது இன்னாம்மா?" என்றார் சார்.

"தெரியலைங்க சார்" என்றேன். சத்தியமாக அப்போது தெரியவில்லை.

அவர் பட்டனை அழுத்தினார். அது உர்ரென்றது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என் கண் முன்னால், சிவக்குமார் கண் முன்னால். "அட, நல்லா இழுக்குதும்மா! மூஞ்சிக்கு மசாஜ் பண்ற மெஷினாட்டம் இருக்குது" என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் உள்ளே இருந்த சீட்டில் படத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னை என்னவென்று நினைத்தீர்கள்? கணவன் ஊரில் இல்லாவிட்டால் அலைகிறவள் என்றா? மாசித் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள். பிறகு முதலாளி லீவு தரவில்லை என்றீர்கள். நீங்கள் வரவில்லை, பதிலுக்கு இது வந்திருக்கிறது. உங்களுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள் என்கிறீர்களா? பதில் எழுதுங்கள்.

அன்பரசி


29.3.2025

அன்புள்ள அரசிக்கு,

கடிதம் எங்களுக்கு போர் வேலை பிடித்துத் தருகிற ஏஜெண்டு ஆபீசில் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். சென்னப்பன் சார் கன்னத்தில் வைத்துப் பார்த்தார் என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். லாரியில் எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். மகள் பரீட்சையில் நல்ல மார்க் என்று சொல்லிவிட்டேன்.

தேன் என் தப்பு. ஆன்லைனில் ஆர்டர் போட்ட அந்தப் பெட்டி ஏஜெண்டு ஆபீசுக்கு வந்தது. அதை மட்டும் அனுப்பினால் யாராவது சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். தேனும் துணியும் கூட இருந்தால் வீட்டுப் பார்சல் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். என் தந்திரம் அவ்வளவுதான்.

நீ அலைகிறவள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மகள் மேல் ஆணை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எழுதி எழுதி நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

பொங்கல் முடிந்து நான் கிளம்புகிற அன்று விடியற்காலை ஞாபகம் இருக்கிறதா? நான் உன்மேல் இருக்கும்போது தற்செயலாக உன் முகத்தைப் பார்த்தேன். நீ மேலே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து என்னமோ எண்ணிக்கொண்டிருந்தாய். வாய் மட்டும் வழக்கமான சத்தம் போட்டது. சத்தம் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பிறகு போனில் ஒரு வீடியோவில் லேடி டாக்டர் பேசியதைக் கேட்டேன். நிறையப் பெண்கள் புருஷன் மனசு நோகக்கூடாதென்று நடிக்கிறார்கள் என்றார். பாதிப் பேருக்கு அந்தச் சுகம் என்னவென்றே தெரியாது என்றார். இந்தக் கருவியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். தூசியைப் பார்த்தே கீழே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவன் நான். பதினான்கு வருஷம் பக்கத்தில் படுத்தவளைப் பற்றி எதுவும் தெரியவில்லையே என்று இருந்தது.

உன்னிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் வாங்கி அனுப்பினேன்.

உனக்குப் பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடு. ஒன்றே ஒன்று மட்டும் சொல். நான் உன்னை ஒரு தடவையாவது சந்தோஷப்படுத்தி இருக்கிறேனா?

மதி


9.4.2025

அன்புள்ளவருக்கு,

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் இல்லை. திரும்பக் கேட்காதீர்கள்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் பேசக்கூடாது. நலமா, சாப்பிட்டீர்களா, அத்தோடு சரி.

உங்கள் தேன் வேலை இன்னும் முடியவில்லை. நேற்று சென்னப்பன் சார் மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு தயங்கினார். பெரிய மனிதர், அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, அந்த மெஷினு சும்மாதான் கெடக்குதா? வூட்டுக்காரிக்கு போன வாரம் திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. கண்ணை மூட முடியலை. அதை ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா கன்னத்துல வெச்சுப் பாக்கலாம்" என்றார்.

 அது இல்லையென்று சொன்னால் மனசாட்சி குத்துகிறது. இருக்கிறதென்று எப்படிக் கொடுப்பது? "சார், அது தேன்ல ஊறி ரிப்பேருங்க. இதுக்கெல்லாம் மெஷின் வேணாங்க. தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு நல்லபடியாக ஆக வேண்டுமென்று சாமி அறையில் விளக்கேற்றினேன். அந்தச் சாமி அறைக்கு மேலே பரணில்தான் அது இருக்கிறது. இன்னும் தூக்கிப் போடவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

அன்பரசி


20.4.2025

அரசிக்கு,

கேட்கவில்லை.

சென்னப்பன் சார் வீட்டம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

இன்னொரு விஷயம். அதை நீ தூக்கிப் போடாமல் இருப்பதால் சொல்கிறேன். முதலில் சார்ஜ் போட வேண்டும். பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மெதுவாகப் போகும், அழுத்த அழுத்த வேகம் கூடும். அது தேய்க்காது, குத்தாது. காற்றை இழுத்து இழுத்து விடும், அவ்வளவுதான். எங்கள் கம்ப்ரஸருக்குக் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள். மெதுவிலேயே வை. ஒரேயடியாக அழுத்தத்தைக் கூட்டக் கூடாது என்று எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்.

இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஏஜெண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், என்ன இவ்வளவு வியர்வை என்கிறார்.

மதி


6.5.2025

மாமா,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். லாரியில் படிக்காதீர்கள்.

மகள் லீவுக்கு எங்கள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் ஆபீஸ் நேரம் முடிந்து, ஆபீஸ் நடக்கிற முன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பரணிலிருந்து அதை இறக்கினேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று பயம். அரிசி ஊறிக்கொண்டிருந்தது, எடுத்துப் போட்டு கிரைண்டரை ஓடவிட்டேன். நீங்கள் தேனை வைத்து மறைத்தீர்கள், நான் மாவை வைத்து மறைத்தேன். நல்ல ஜோடிதான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை தடவை அழுத்தினேனோ தெரியவில்லை, சுரீரென்றது, பதறித் தூக்கி எறிந்தேன். அதே நேரம் வாசலில், "போஸ்ட்டம்மா, வூட்ல இருக்கறீங்களா?" என்று ராணியம்மாள் குரல். ஓய்வூதியத்துக்குக் கைரேகை வைக்க வந்தவர். சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். அவர் விரலைப் பிடித்து மெஷினில் வைக்கிறேன், மூன்று தடவை ரேகை விழவில்லை. "எம் வெரலு தேஞ்சு போச்சுங்க" என்று அவர் வருத்தப்பட்டார். விரலைக் கோணலாக வைத்தது நான். இந்தக் கழுதை வேலையெல்லாம் நமக்குத் தேவையா என்று உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

நாலு நாள் கழித்து மறுபடி எடுத்தேன். பட்டன் ஒரே ஒரு தடவை. நீங்கள் சொன்ன மாதிரி மெதுவிலேயே. இந்தத் தடவை எனக்கு ஒரு அவசரமும் இல்லை. யாருக்காகவும் சத்தம் போட வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. முதலில் சும்மா கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய் வேறு ஒன்று வந்தது. சிறுநீர் வருகிறதோ என்று பயந்து நிறுத்தினேன். நிறுத்தியதும் ஏன் நிறுத்தினோம் என்று இருந்தது. மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகு என்னைக் கேட்காமலேயே என் உடம்பு ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. கால் விரல் வரைக்கும் போய் நின்றது. முப்பத்தேழு வயதில், வெயில் அடிக்கிற மத்தியானத்தில், கிரைண்டர் சத்தத்தில்.

பிறகு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைக்காதீர்கள். கோபம். இது என்னிடமே இருந்திருக்கிறது. இவ்வளவு வருஷமும் கூடவே இருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தேடத் தெரியவில்லை. கிரைண்டரை நிறுத்த மறந்து மாவு பசையாகிவிட்டது. அதை ஊற்றிய இட்லியை மூன்று நாள் தின்றேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெரியாதவரை பதில் சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

இல்லை மாமா. ஒரு தடவைகூட இல்லை.

கல்யாணமான புதிதில் வலித்தது. எங்கள் அண்ணி, "கொஞ்சம் மொனகு, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சொல்லிக் கொடுத்தார். அது பழகிவிட்டது. அப்புறம் நிறுத்தினால் ஏன் என்று கேட்பீர்களே என்று தொடர்ந்தேன். பொங்கல் முடிந்த அந்த விடியற்காலையில் நான் எண்ணியது என்னவென்று தெரியுமா? அன்றைக்கு விநியோகத்துக்கு இருந்த பதிவுத் தபால்களை. பதினொன்று இருந்தன.

உங்கள்மேல் ஆசை இல்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணாதீர்கள். மகள் பிறந்தபோது நாற்பது நாள் என் துணியை நீங்கள் துவைத்தீர்கள். ஊர் சிரித்தது, நீங்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த மனிதரிடம் பொய் சொல்லிக்கொண்டு இருந்தேனே என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நிஜத்தைச் சொல்லிவிட்டேன். இதற்குப் பிறகும் நீங்கள் என்னோடு பழைய மாதிரி இருப்பீர்களா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

உங்கள் அரசி


2.6.2025

மாமா,

என் கடிதம் கிடைத்ததா? போனில் கேட்டால், "ம், சாப்பிட்டேன், வேலை இருக்குது" என்று வைத்துவிடுகிறீர்கள்.

தினமும் பையை நான்தான் பிரிக்கிறேன். வங்கிக் கடிதம், கோர்ட் நோட்டீஸ், யாருக்கோ வேலைக்கான அழைப்பு என்று எல்லோருக்கும் வருகிறது. உங்கள் கோணல் கையெழுத்து மட்டும் இல்லை. பையை உதறிப் பார்க்கிறேன். "இன்னாங்கக்கா தேடறீங்க?" என்கிறான் சிவக்குமார்.

திட்டியாவது எழுதுங்கள்.

அரசி


14.6.2025

அரசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிட்டேன். பிறகு குனிந்து பொறுக்கினேன். காற்றில் இரண்டு துண்டு போய்விட்டது. "ஒரு தடவைகூட" என்று எழுதியிருந்த துண்டு போகவில்லை.

நான்தானே கேட்டேன். கேட்டவனுக்குப் பதிலைத் தாங்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருஷம் என்னை முட்டாளாக்கினாயே என்று ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கருவியை உடைத்துப் போடு என்று ஒன்று. இனி ஊருக்கே வரமாட்டேன் என்று ஒன்று. மூன்றையும் தபால் பெட்டியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் மை கலைந்து படிக்க முடியாமல் போய்விட்டது. நல்லதுதான்.

உன் பொய்யை நீ சொல்லிவிட்டாய். என் பொய்யைச் சொல்கிறேன்.

மாசியில் முதலாளி எனக்கு லீவு கொடுத்தார். பத்து நாள். டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். ராய்ப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வந்தால் உன் பக்கத்தில் படுக்க வேண்டும். அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு லாரிக்குத் திரும்பினேன். அடுத்த நாள்தான் அந்தப் பெட்டிக்கு ஆர்டர் போட்டேன்.

முதல் கடிதத்தில் கோபத்தில் கேட்டாயே, உங்களுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள் என்கிறீர்களா என்று. அதற்கு நான் பதிலே எழுதவில்லை, நீ கவனித்தாயோ என்னமோ. ஆமாம். எனக்குப் பதிலாகத்தான் அனுப்பினேன். ஆசையில் பாதி, கோழைத்தனத்தில் பாதி.

இங்கே மழை பிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். நான் வரட்டுமா? எனக்கு ஒன்றும் தெரியாது, அரசி. தெரிந்த மாதிரி இத்தனை நாள் இருந்துவிட்டேன். நீ சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன். வேண்டாம் என்றால் முதலாளியின் ஷெட்டிலேயே மழைக்காலத்தை ஓட்டிவிடுவேன்.

மதி


23.6.2025

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் முத்திரை குத்திய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மாசியில் உங்களுக்காகச் சேலை கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றவள் நான். ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பினீர்களா? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. நேரில்தான் தீரும், தயாராக வாருங்கள்.

ஆமாம், வாருங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு நல்ல சேதி. சென்னப்பன் சார் வீட்டம்மாவுக்கு முகம் பெரும்பாலும் சரியாகிவிட்டது. மாத்திரையும் முகப் பயிற்சியும்தான். நேற்று இரண்டு பேரும் வந்து மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மா சிரித்தபோது வாய் நேராக இருந்தது. "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா. இவரு அந்த மெஷினுக்குத்தான் அலைஞ்சிட்டிருந்தாரு" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது நம் விஷயம். எனக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. அது பரணில் இல்லை, என் துணி அலமாரியில் இருக்கிறது. நீங்கள் வந்த பிறகும் அங்கேயே இருக்கும். அதைப் பார்த்து முகம் சுருங்கக் கூடாது. அது உங்கள் இடத்துக்கு வந்ததல்ல. நாற்பது நாள் துணி துவைக்க அதற்குத் தெரியாது.

ஒரு நிபந்தனை உண்டு. இனிமேல் நான் பொய்ச் சத்தம் போட மாட்டேன். நன்றாக இருந்தால் தெரியும். இல்லாவிட்டால் அந்த நிமிஷமே, "மாமா, இல்லீங்க" என்று சொல்வேன். ஒரு நாள் சொல்வேன், பத்து நாளும் சொல்வேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டும். திரும்பிப் படுக்கக் கூடாது, ஸ்டேஷனுக்கும் ஓடக் கூடாது.

முடியாது என்றால் ஒரு கார்டு போடுங்கள், புரிந்துகொள்வேன். முடியும் என்றால் பதில் எழுத வேண்டாம்.

நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் பையைப் பிரிக்கும்போது, உங்களிடமிருந்து ஒன்றும் வந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பிரிப்பேன்.

அரசி

தேன் கொண்டுவருவதானால் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவாருங்கள்.